மோட்டார் பாட்டரியின் ஆயுள்

மூணாற்றுக்குக் கீழே, பள்ளிவாசல் மலைச்சரிவை ஒட்டி அமைந்த சித்திரபுரத்தில் மார்கழி மாதத்து விடியற்காலை எப்படி இருக்கும் என்பதை, அங்கே பிறந்து இன்று மும்பையிலோ தில்லியிலோ வாழ்ந்து வரும் நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். தேயிலைச் செடிகளின்மேல் பனி படிந்திருக்கும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் கார்கள் வீட்டு வாசல்களில் நனைந்து நிற்கும். சாவியைத் திருப்பினால் சில வண்டிகள் உடனே உறுமி எழும். வேறு சில 'டிக், டிக்' என்ற ஒலியோடு அடங்கிவிடும். முந்தின நாள் மாலை வரை சமவெளியிலிருந்து தடையின்றி ஓடி வந்த வண்டிதான் அது. "ஊரில் நன்றாகத்தான் இருந்தது; இந்தக் குளிர்தான் கெடுத்துவிட்டது" என்று வண்டிக்கு உரியவர் மலையின்மேல் பழியைப் போடுவார். மலை ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதை எடுத்துக் காட்டுவதே இப்பேச்சின் நோக்கம்.

இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தை மாதத்து இரவில், அடுத்த வீட்டு மூதாட்டிக்கு மார்புவலி கண்டது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல எங்கள் வீட்டு வண்டியைத்தான் எல்லோரும் நம்பினார்கள். சாவியைத் திருப்பினோம், வண்டி அசையவில்லை. வழக்கமாக நாங்கள் வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவோம். அன்று அந்த இடத்தில் வேறொருவர் வண்டி நின்றபடியால், மட்டமான இடத்தில் விட்டிருந்தோம். அக்கம்பக்கத்தாரை எழுப்பி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் இறக்கத்தில் உருட்டி, என்ஜினைக் கிளப்புவதற்குள் அரைமணி நேரம் கழிந்துவிட்டது. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அந்த அரைமணி நேரத்தை நினைத்தால் இன்றும் எங்களுக்கு நெஞ்சு பதைக்கிறது. மறுநாள் பட்டறையில் பார்த்தபோது, வண்டியோடு கூடவே வந்த பாட்டரி ஐந்தாண்டைக் கடந்திருந்தது தெரியவந்தது.

கார் வாங்கும்போது அதனுடன் வரும் பாட்டரி எத்தனை காலம் உழைக்கும்? அதை எப்போது மாற்ற வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணுமுன், பாட்டரி செய்யும் வேலையைச் சிறிது தெரிந்துகொள்வோம்.

காரீயத் தகடுகளைக் கொண்ட பாட்டரியைப் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே 1859-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். மோட்டார் வண்டியைக் கிளப்பும் பொறுப்பு அதன்மேல் விழுந்தது பிற்காலத்தில்தான். முதலில் வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே என்ஜினைக் கிளப்பினார்கள். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டு முதல் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. நம் நாட்டுப் பழைய அம்பாசடர்களிலும் ஜீப்புகளிலும் அவசரத்துக்கு அந்தக் கைப்பிடி இருந்தது. இன்றைய கார்களில் அதற்கு இடமில்லை. ஆகவே பாட்டரி கைவிட்டால், வண்டியும் கைவிட்டுவிடும்.

சித்திரபுரத்துக்காரருக்கு மின்சாரம் புதிதன்று. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் நிலையம் 1940-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பின்னர் விரிவடைந்து 37.5 மெகாவாட் ஆற்றல் பெற்ற அந்நிலையத்தோடு ஒப்பிட்டால், காரின் பாட்டரியில் அடங்கும் மின்சாரம் மிகச் சொற்பம். சிறிய காரில் இருக்கும் 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி பாட்டரி முழுவதும் நிறைந்திருந்தாலும் அதில் உள்ளது அரை யூனிட்டுக்கும் குறைவே. ஆனால் அது செய்யும் வேலை பெரிது. என்ஜினைச் சுழற்றும் அந்த ஓரிரு விநாடிகளில், நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை ஒரே மூச்சில் கொடுக்கிறது. செலவழிவது கொஞ்சம்; கொடுக்க வேண்டிய வேகமோ அதிகம். பாட்டரிக்கு வயதாகும்போது முதலில் குறைவது இந்த வேகந்தான்.

பாட்டரியினுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் கொடுக்கும். ஒவ்வொன்றிலும் காரீயத் தகடுகளும், காரீய ஆக்சைடு பூசிய தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளின்மேலும் காரீய சல்பேட் என்ற உப்புப் படிகிறது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்னும் கருவி மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்த, அந்த உப்புக் கரைந்து தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. பாட்டரியைக் காலியாகவோ அரைகுறையாகவோ நெடுநாள் விட்டுவைத்தால், அந்த உப்பு கடினமான படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் முழுவதும் கரையாது.

மாட்டுப்பட்டி அணையை எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் அணையில் ஆண்டுதோறும் வண்டல் சேர்ந்துகொண்டே வந்தால், மழைக்காலத்தில் அது விளிம்பு வரை நிறைந்திருப்பதுபோலவே கண்ணுக்குத் தோன்றும். மதகைத் திறந்தால்தான் உள்ளே இருந்த தண்ணீர் எவ்வளவு குறைவு என்பது தெரியும். பழைய பாட்டரியும் அப்படித்தான். மானியை வைத்துப் பார்த்தால் நிறைந்ததுபோல் காட்டும். சாவியைத் திருப்பினால் சோர்ந்துவிடும். அதனால்தான் முந்தின நாள் ஓடிய வண்டி மறுநாள் எவ்வித முன்னறிவிப்புமின்றி நின்றுவிடுவதாக நமக்குத் தோன்றுகிறது.

இனி, குளிரின்மேல் போட்ட பழியைப் பார்ப்போம். பாட்டரியின் முதற்பகை வெப்பமே. வெப்பம் மிகுந்தால் உள்ளே உள்ள நீர் குறைகிறது. தகடுகளின் சட்டம் அரிக்கப்படுகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயரும்போதெல்லாம் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுவிதி. சென்னை, நாகபுரி, அகமதாபாத், தில்லி போன்ற நகரங்களில் கோடையில் வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் முன்மூடிக்குள் பாட்டரி வெந்துகொண்டிருக்கிறது. இந்தச் சேதம் அப்போது வெளியில் தெரிவதில்லை. ஏனெனில் வெப்பத்தில் என்ஜினைச் சுழற்றுவது எளிது.

குளிர் வந்தால் நிலைமை மாறுகிறது. உள்ளே நிகழும் இரசாயன மாற்றம் மந்தமாகிறது. என்ஜின் எண்ணெய் கெட்டியாகிறது. மூணாற்றில் ஜனவரி மாதத்துச் சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுவதுண்டு. அத்தகைய குளிரில் நல்ல பாட்டரியின் வலிமையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். புதிய பாட்டரி இக்குறையைத் தாங்கிக்கொள்ளும். கோடை வெயிலில் பாதி வலிமையை இழந்த பாட்டரி தாங்காது. நோய் கொடுத்தது சமவெளியின் வெயில். அதைக் காட்டிக்கொடுத்தது மலையின் குளிர்.

வெப்பத்தைத் தவிர ஆயுளைக் குறைக்கும் வேறு காரணங்களும் உண்டு. வீட்டுக்கும் கடைத்தெருவுக்குமாகச் சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டியில், கிளப்பும்போது செலவான மின்சாரம் முழுவதும் திரும்பி வந்து சேர்வதில்லை. விளக்கும் விசிறியும் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை. மலைப்பாதையின் குலுக்கல் தகடுகளின் பூச்சை உதிர்த்துவிடும். பாட்டரியை இறுக்கிப் பிடிக்கும் பட்டை தளர்ந்திருந்தால் சேதம் மேலும் மிகும். வண்டியை நெடுநாள் சும்மா நிறுத்தி வைப்பதும் கெடுதலே. பூட்டி நிற்கும் காரில்கூடக் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை முதலியவை சிறிது மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மாதத்தில் ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறிய பாட்டரியில் இது பாதிக்கும் மேல். ரயிலில் ஊருக்கு வந்து ஒரு மாதம் தங்கித் திரும்பும் நம்மவர் பலர், நகரத்தில் விட்டுவந்த வண்டி கிளம்பாமல் தவிப்பதற்கு இதுவே காரணம்.

இவற்றையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்தால், காருடன் வந்த பாட்டரி நம் நாட்டில் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கும் எனலாம். வெயில் கடுமையான ஊர்களில் மூன்றாண்டு முடிந்ததும் ஐயம் கொள்ள வேண்டும். பெங்களூர் போன்ற மிதமான ஊர்களிலும் மலைநாட்டிலும் நன்கு பராமரித்தால் ஐந்தாண்டை எட்டலாம். ஐந்தாண்டுக்கு மேல் உழைப்பவையும் உண்டு. அதை நற்பேறு என்று கொள்ள வேண்டுமேயன்றி உரிமை என்று கொள்ளலாகாது. பாட்டரியின் வயது, வண்டியை நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. பாட்டரி தயாரான மாதத்திலிருந்தே அது தொடங்குகிறது. விற்பனையாளர் முற்றத்தில் வண்டி சில மாதம் நின்றிருக்கலாம். அந்த மாதங்களும் கணக்கில் சேரும்.

நாங்கள் இப்போது கைக்கொள்ளும் முறை இதுதான். முதல் இரண்டாண்டுகளில் ஆண்டுக்கொரு முறை சோதித்தால் போதும். மூன்றாம் ஆண்டு தொடங்கியதும், கோடைக்கு முன்னும் குளிருக்கு முன்னுமாக ஆண்டுக்கு இருமுறை சோதிக்கிறோம். நான்காண்டு நிறைந்த பாட்டரியோடு நெடும்பயணமோ மலையேற்றமோ மேற்கொள்வதில்லை. அதற்கு முன்பே மாற்றிவிடுகிறோம். ஐந்தாண்டு நிறைந்தால், ஓடுகிறதா இல்லையா என்று பாராமல் மாற்றிவிடுகிறோம். நள்ளிரவில் தெருவிலே நிற்க நேர்வதைக் காட்டிலும், ஓராண்டு உழைப்பை இழப்பது சிறிய நஷ்டமே.

சோதிப்பது கடினமான காரியமன்று. மின்சாரச் சாமான் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டியை இரவு முழுவதும் ஓட்டாமல் விட்டுக் காலையில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் மானியைப் பார்க்கட்டும். என்ஜின் சுழலும் நேரத்தில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அணையில் வண்டல் சேர்ந்துவிட்டது என்று பொருள். என்ஜின் ஓடத் தொடங்கியபின் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குறை பாட்டரியில் இல்லாமல் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கலாம். இதைப் பாராமல் புதுப் பாட்டரி வாங்கினால், அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

மானி இல்லாதவர்களும் சில அறிகுறிகளால் அறியலாம். காலையில் என்ஜின் வழக்கத்தைவிட மெதுவாகச் சுழல்வது. அப்போது விளக்குகள் மங்குவது. கடிகாரம் தானாக மாறிவிடுவது. இவை முதிர்ச்சியின் அடையாளங்கள். பெட்டி உப்பியிருந்தாலும், அழுகிய முட்டை நாற்றம் வீசினாலும் ஒருநாள்கூடத் தாமதிக்கலாகாது. முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், உடனே பாட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மூடி திறக்கும் பாட்டரியாயின், தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றுநீர் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

மலைவாசிகளாகிய நாம் விட வேண்டிய ஒரு வழக்கம் உண்டு. இறக்கத்தில் வண்டியை நிறுத்தி, உருட்டிக் கிளப்புவது நமக்குக் கைவந்த கலை. பாட்டரி தளர்ந்ததை மாதக்கணக்கில் இந்த இறக்கமே மறைத்துவிடுகிறது. எங்கள் வண்டியும் இரண்டு மாதமாக இறக்கத்தின் தயவில்தான் கிளம்பிக்கொண்டிருந்தது. அதை நோயென்று நாங்கள் எண்ணவில்லை, வசதியென்று எண்ணினோம். தானாகக் கியர் மாறும் கார்களை இவ்விதம் உருட்டிக் கிளப்பவே இயலாது. இறக்கம் தேவைப்படத் தொடங்கிய நாளே பாட்டரியைச் சோதிக்க வேண்டிய நாள்.

மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவும் வகையுமே வாங்க வேண்டும். போக்குவரத்து விளக்கின் முன் தானே நின்று தானே கிளம்பும் கார்களுக்கு வேறு வகைப் பாட்டரி தேவை. சாதாரணப் பாட்டரி அவற்றில் நெடுநாள் நிற்காது. இரண்டாவது, தயாரான மாதத்தைக் கேட்டறிந்து, புதிதாக வந்ததையே வாங்க வேண்டும். கடை அலமாரியிலும் பாட்டரி மூப்படைகிறது. மூன்றாவது, உத்தரவாதச் சீட்டில் எத்தனை மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள், எத்தனை மாதம் விலையில் ஒரு பகுதி மட்டும் கழிப்பார்கள் என்பதைப் பிரித்துப் பாருங்கள். மின்சாரத்தால் ஓடும் கார் வைத்திருப்போரும் இதைக் கேட்க வேண்டும், அவற்றிலும் பெரும்பாலும் சிறிய 12 வோல்ட் பாட்டரி ஒன்று தனியே உண்டு, அதுவும் மூப்படையும்.

ஊருக்குப் போகும்போது வண்டியை ஒரு மாதம் விட்டுச் செல்வதாயின், கையேட்டைப் பார்த்துப் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைக்கலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இல்லையேல் கையிலுள்ள ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி எழக்கூடும். மற்றொரு வண்டியின் உதவியால் கிளப்ப நேர்ந்தால், இரு பாட்டரிகளின் நேர்முனைகளை முதலில் இணைக்கவும். பிறகு நல்ல பாட்டரியின் எதிர்முனையில் பொருத்திய கம்பியின் மறுமுனையை, நின்றுபோன வண்டியின் பாட்டரியிலன்றி, சற்றுத் தள்ளி என்ஜினின் இரும்பில் பொருத்தவும். மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆகவே அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. இவ்விதம் கிளப்பிய வண்டியைச் சிறிது நேரம் ஓட்டிவிட்டு நிம்மதி கொள்ள வேண்டாம். பட்டறையில் முழுவதும் மின்னேற்றி, சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

பழைய பாட்டரியை என் செய்வது? அதன் எடையில் பெரும்பகுதி காரீயம். அதற்கு விலை உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். விற்றவர்கள் பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்ற விதி 2001-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் வந்தது. 2022-ஆம் ஆண்டின் புதிய விதிகள் அப்பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் இன்னும் அழுத்தமாகச் சுமத்தியிருக்கின்றன. சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று, சந்துகளில் சுத்தியலால் உடைத்து உருக்குவோரிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தூளும் புகையும் முதலில் பாதிப்பது அவ்விடத்துக் குழந்தைகளின் மூளையை. காரீயத்துக்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. நம் ஊரிலோ, ஓடையில் கொட்டும் அமிலம் முதிரப்புழையாற்றில் கலந்து பெரியாற்றுக்குப் போகும். வண்டி நமக்கு, தண்ணீர் எல்லோர்க்கும்.

நேயர்களே, பண்டிகைக்கு ஊருக்குப் புறப்படுமுன் சக்கரத்தின் காற்றையும் என்ஜின் எண்ணெயையும் பார்க்க நாம் மறப்பதில்லை. அத்தோடு முன்மூடியைத் திறந்து பாட்டரியின்மேல் உள்ள தேதியையும் ஒருமுறை படியுங்கள். நான்காண்டு ஆகியிருந்தால், போடியிலிருந்து மலை ஏறும் முன்னரே மாற்றிவிடுங்கள். ஊர் வந்து சேர்ந்த இரவில் உங்கள் வண்டி உங்களுக்காக மட்டும் வாசலில் நிற்பதில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டக்கூடிய அண்டைவீட்டாருக்காகவும் அது நிற்கிறது.